சிறு நிலத்துக்கு எத்தனை குதிரைச் சக்தி?

சிறு விவசாயி ஒருவர் தம் வாழ்நாளில் செய்யும் செலவுகளுள் டிராக்டர் வாங்கும் செலவு மிகப் பெரியவற்றுள் ஒன்று. அதற்குரிய பணத்தில் பெரும் பகுதி கடனாகவே வருகிறது. அக்கடனுக்குப் பல சமயங்களில் நிலமே ஈடாக நிற்கிறது. யந்திரம் பொருத்தமானதாக அமைந்துவிட்டால் உழவும் விதைப்பும் உரிய நாளில் முடிகின்றன; கடனும் தானே அடைகிறது. பொருந்தாததாக அமைந்துவிட்டாலோ, எந்த நிலத்தை உழுவதற்காக யந்திரம் வாங்கப்பட்டதோ அந்த நிலமே கைவிட்டுப் போகும் நிலை உண்டாகலாம். ஆகவே, எத்தனை குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் தேவை என்ற கேள்வி யந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று. குடும்பத்தின் பொருளாதாரத்தைப் பற்றியதும் ஆகும்.

இக்கேள்விக்கு விடை காண்பதற்குப் பலர் கையாளும் முறை, பக்கத்து நிலத்துக்காரர் எதை வாங்கினார் என்று பார்ப்பதே. அவருடைய மண் வேறாக இருக்கலாம். பரப்பு வேறாக இருக்கலாம். அவர் டிராக்டரை வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிப்பவராகவும் இருக்கலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. அந்த விரலின் அளவை எவ்வாறு அறிவது என்பதை விஞ்ஞான முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலம் சுருங்கியது, யந்திரம் வளர்ந்தது

இந்தியாவில் டிராக்டர்கள் பெருமளவில் முதன்முதலாக ஈடுபடுத்தப்பட்டது சிறு வயல்களில் அன்று. 1940-களின் இறுதியில் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் நிறுவப்பட்டு, மத்திய இந்தியாவில் காஸ் என்னும் நாணற்புல் மண்டிப் பாழாய்க் கிடந்த பரந்த நிலங்களைத் திருத்தும் வேலையில் கனமான சங்கிலித்தட டிராக்டர்கள் இறக்கப்பட்டன. அந்த வேலைக்குப் பேராற்றல் தேவைப்பட்டது. 1959-ஆம் ஆண்டில் ஐஷர் நிறுவனம் பரீதாபாத்தில் டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. துர்காப்பூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் உருவாக்கிய வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு, 1974-ஆம் ஆண்டில் பஞ்சாபில் ‘ஸ்வராஜ்’ டிராக்டர் வெளிவந்தது. இன்று ஆண்டுக்கு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட டிராக்டர்கள் நம் நாட்டில் விற்பனையாகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 31 முதல் 50 குதிரைச் சக்தி வரையுள்ளவை.

இதே காலத்தில் நிலத்தின் நிலை என்ன? 1970-71-ஆம் ஆண்டின் விவசாயக் கணக்கெடுப்பின்படி ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலப்பரப்பு 2.28 ஹெக்டேராக இருந்தது. 2015-16-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அது 1.08 ஹெக்டேராகக் குறைந்தது. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். நாட்டிலுள்ள சாகுபடி நிலங்களை எண்ணிக்கையில் பார்த்தால் நூற்றுக்கு 86 பங்கு 2 ஹெக்டேருக்கும் குறைவானவை. கேரளத்தில் சராசரி 0.18 ஹெக்டேர், பீகாரில் 0.39, தமிழ்நாட்டில் 0.75, பஞ்சாபில் 3.62. நிலம் பாதியாகச் சுருங்க, யந்திரமோ பெருத்துக்கொண்டு வந்திருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள பொருத்தமின்மையே சிறு விவசாயியின் கடன் சுமைக்கு ஒரு காரணமாக அமைகிறது.

குதிரைச் சக்தியின் பொருள்

ஒரு ஜோடி எருதுகள் தொடர்ந்து உழும்போது தரும் ஆற்றல் ஏறக்குறைய ஒரு குதிரைச் சக்தியாகும். அப்படியாயின் 40 குதிரைச் சக்தி டிராக்டர் 40 ஜோடி எருதுகளுக்கு ஈடு என்று கருதத் தோன்றும். ஆனால் விளம்பரத் தாளில் குறிப்பிடப்படுவது எஞ்சினின் சக்தி. அது முழுவதும் கலப்பையை வந்து அடைவதில்லை. பற்சக்கரங்களில் ஒரு பங்கு தேய்கிறது. உழுத மண்ணில் டயர் அழுந்துவதிலும் வழுக்குவதிலும் வேறொரு பங்கு வீணாகிறது. பின்புறத்திலுள்ள பி.டி.ஓ. தண்டில் எஞ்சின் சக்தியில் 85 முதல் 90 சதவிகிதம் வரை கிடைக்கும். கலப்பையை இழுக்கும் கொக்கியில், வயலின் நிலையைப் பொறுத்து, ஏறக்குறைய பாதியே கிடைக்கும். சுழல் கலப்பை, கதிரடிக்கும் யந்திரம் போன்றவை பி.டி.ஓ. தண்டினால் இயங்குபவை, கொத்துக் கலப்பை, வளைபலகைக் கலப்பை போன்றவை இழுப்பினால் இயங்குபவை. ஆகவே, எந்த வேலை அதிகமோ அதற்கேற்பச் சக்தியைக் கணக்கிடுதல் வேண்டும்.

மண் கேட்கும் விலை

கலப்பையை இழுப்பதற்கு வேண்டிய விசை மண்ணைப் பொறுத்தது. கலப்பை வெட்டும் சாலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மண் ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பைக் காட்டுகிறது. மணற்பாங்கான நிலத்தில் இது மிகக் குறைவு. இருவாட்டி மண்ணில் ஏறக்குறைய அரைக் கிலோ. காய்ந்து இறுகிய கரிசலில் முக்கால் கிலோவுக்கும் மேல் போகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 30 சென்டிமீட்டர் அகலத்தில் 18 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழும் வளைபலகைக் கலப்பையின் சால் 540 சதுர சென்டிமீட்டர். இருவாட்டி மண்ணில் இதனை இழுக்க 270 கிலோ விசை வேண்டும். சதுர சென்டிமீட்டருக்கு 0.8 கிலோ எதிர்ப்புத் தரும் கரிசலில் 432 கிலோ வேண்டும். விசையைக் கிலோவிலும், வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 270-ஆல் வகுத்தால் குதிரைச் சக்தி கிடைக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில், இருவாட்டி மண்ணில் ஒரு கலப்பைக்கு 4 குதிரைச் சக்தி; கரிசலில் 6.4. எஞ்சினில் பாதியே கொக்கிக்கு வருவதால் இவற்றை இரட்டிக்க வேண்டும்: முறையே 8, 13. கடினமான இடங்களைச் சமாளிக்கக் கால் பங்கு மிகுதியாக வைத்துக்கொண்டால், இருவாட்டி மண்ணில் ஒரு கலப்பைக்கு 10 குதிரைச் சக்தியும், கரிசலில் 16 குதிரைச் சக்தியும் போதுமானவை. இரட்டைக் கலப்பையாயின் 20, 32 என்று ஆகும். கலப்பை ஒன்றே, ஆழம் ஒன்றே. மண் மாறியதால் மட்டும் தேவை ஒன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சக்தி இருந்தால் மட்டும் போதாது, எடையும் வேண்டும். டயர் மண்ணைப் பற்றிக்கொள்வது டிராக்டரின் எடையினால்தான். இரு சக்கர இயக்கமுள்ள டிராக்டர் வயலில் தன் எடையில் ஏறக்குறைய 45 சதவிகித அளவுக்கே நன்றாக இழுக்க வல்லது. 850 கிலோ எடையுள்ள சிறு டிராக்டர் இவ்வாறு 380 கிலோ அளவுக்கு இழுக்கும். இருவாட்டி மண்ணில் ஒற்றைக் கலப்பைக்கு இது தாராளம். இரட்டைக் கலப்பைக்கோ 540 கிலோ விசை தேவை. எஞ்சினில் 20 குதிரைச் சக்தி இருப்பினும் சக்கரம் வழுக்கும், டயர் தேயும், டீஸல் வீணாகும். நான்கு சக்கர இயக்கமுள்ள சிறு டிராக்டர்களில் முன் சக்கரங்களும் இழுப்பதால் இக்குறை ஓரளவு நீங்குகிறது. சேற்று வயலிலும் சரிவான நிலத்திலும் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

எடை மிகுவதிலும் தீமை உண்டு. 45 குதிரைச் சக்தி டிராக்டர் ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. ஈரம் காயாத நிலத்தில் அது மீண்டும் மீண்டும் ஓடினால் உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகி, தட்டுப்போல் கடினமாகிறது. வேர் அதைத் துளைத்து இறங்க இயலாது. மழை நீரும் கீழே வடியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த நஷ்டம் விளைச்சலில்தான் தெரியவரும்.

வயலின் வடிவம்

பெரிய டிராக்டர் விரைவில் வேலையை முடிக்கும் என்பது நீண்ட வயல்களுக்கே பொருந்தும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் டிராக்டர் 100 மீட்டர் நீளச் சாலை 90 வினாடிகளில் கடக்கிறது. வரப்போரத்தில் திரும்புவதற்கு 15 வினாடிகள் ஆகுமாயின், மொத்த நேரத்தில் 86 சதவிகிதம் உழவுக்குப் பயன்படுகிறது. வயலின் நீளம் 20 மீட்டராயின் உழவு 18 வினாடி, திரும்புதல் 15 வினாடி. பயன்படும் நேரம் 55 சதவிகிதமே.

பெரிய டிராக்டருக்குத் திரும்ப இடம் அதிகம் வேண்டும். குறுகிய வயலில் முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்ப வேண்டியிருக்கும். அதற்கு 25 வினாடி என்று வைத்துக்கொண்டால் பயன்படும் நேரம் 42 சதவிகிதமாகக் குறைகிறது. சிறு டிராக்டர் 1.2 மீட்டர் அகலக் கருவியையும், பெரிய டிராக்டர் 2 மீட்டர் அகலக் கருவியையும் இழுப்பதாகக் கொண்டால், இந்த 20 மீட்டர் வயலில் பெரியது சிறியதைவிடக் கால் பங்குக்குச் சற்று மிகுதியாகவே வேலை செய்யும். சக்தியோ இரு மடங்குக்கு மேல். விலையும் எடையும் அதற்கேற்ப மிகுதி. ஆகவே, யந்திரத்தைத் தேடுவதற்கு முன்பு, இயன்ற இடங்களில் சிறு சிறு துண்டுகளை இணைத்து நீளமாக்குவதும், உழவை நீளவாக்கில் ஓட்டுவதும் செலவில்லாமல் சக்தியைப் பெருக்கும் வழிகளாகும்.

எத்தனை நாள் உண்டு?

யந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பதில் முதன்மையான அம்சம் காலம். மழை பெய்து மண் பதமாக இருக்கும் நாட்கள் சிலவே. கங்கைச் சமவெளியில் நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைக்கும் அவகாசம் மிகக் குறுகியது. நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் விதைப்பு தள்ளிப்போகப் போக விளைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. எனவே, கிடைக்கும் நாட்களுக்குள் வேலையை முடிக்கக்கூடிய மிகச் சிறிய யந்திரமே பொருத்தமான யந்திரம் எனலாம்.

இதைக் கணக்கிடுவது எளிது. கருவியின் அகலத்தை மீட்டரிலும், வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் எடுத்துப் பெருக்கி, 10-ஆல் வகுத்து, பயன்படும் நேரத்தின் விகிதத்தால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஹெக்டேர் முடியும் என்பது கிடைக்கும். 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் நிலமுள்ள ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவர் 18 முதல் 20 குதிரைச் சக்தி வரையுள்ள டிராக்டரைக் கொண்டு 1.2 மீட்டர் அகலக் கொத்துக் கலப்பையை 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார். பயன்படும் நேரம் 65 சதவிகிதம். மணிக்கு 0.31 ஹெக்டேர் முடியும். இரண்டு சால் உழவுக்கு 13 மணி நேரம், 0.9 மீட்டர் அகலச் சுழல் கலப்பையை 3 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முறை ஓட்டுவதற்கு 11½ மணி, 1.2 மீட்டர் அகல விதைப்புக் கருவிக்கு 6½ மணி. ஆக மொத்தம் 31 மணி நேரம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்தால் நான்கு நாட்களில் நிலம் விதைத்து முடிந்துவிடும்.

இதே வேலையை 45 குதிரைச் சக்தி டிராக்டர் 2 மீட்டர் கொத்துக் கலப்பை, 1.5 மீட்டர் சுழல் கலப்பை, 2 மீட்டர் விதைப்புக் கருவி ஆகியவற்றைக் கொண்டு அதே வேகத்தில் ஏறக்குறைய 18 மணி நேரத்தில் முடிக்கும். மிச்சமாவது இரண்டு நாட்களுக்கும் குறைவு. பருவத்தில் பதமான நாட்கள் எட்டு இருக்குமாயின், அந்த இரண்டு நாட்களுக்காகப் பெரிய யந்திரத்தின் விலையைக் கொடுப்பதில் நியாயமில்லை. பதமான நாட்கள் மூன்றே என்றால் நியாயம் உண்டு. இவ்விடையைத் தருவது விவசாயியின் ஊரும் மண்ணும் மழையுமே.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது: சொந்தமாக யந்திரம் தேவைதானா? டிராக்டரின் ஆயுளைப் பத்து ஆண்டுகள், ஆண்டுக்கு 1,000 மணி நேரம் என்று கணக்கிடுவது வழக்கம். மேற்கூறிய விவசாயிக்கு இரு போகங்களிலும் சேர்ந்து நிலம் தயாரிப்பதற்கும் விதைப்பதற்கும் 62 மணி நேரம் போதும். மருந்து தெளித்தல், கதிரடித்தல், பாரம் ஏற்றிச் செல்லுதல் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 150 மணி நேரம் என்று கொள்வோம். மீதி நேரமெல்லாம் டிராக்டர் கொட்டகையில் நிற்கும். ஆனால் வட்டி நிற்காது.

விலைகள் இடத்துக்கு இடம் மாறுபவை. ஆகவே பின்வரும் எண்கள் கணக்கின் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. ஒரு சிறு டிராக்டரின் விலை 4,00,000 ரூபாய் என்றும், பத்தாண்டு கழித்து 40,000 ரூபாய்க்கு விற்கும் என்றும் கொள்வோம். ஆண்டுத் தேய்மானம் 36,000 ரூபாய். சராசரி முதலீடாகிய 2,20,000 ரூபாய்க்கு 10 சதவிகித வட்டி 22,000 ரூபாய். இன்ஷூரன்ஸ், கொட்டகை முதலியவற்றுக்கு 8,000 ரூபாய். ஆக, டிராக்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு 66,000 ரூபாய் செலவு. 150 மணி நேரம் ஓடினால் மணிக்கு 440 ரூபாய். 600 மணி நேரம் ஓடினால் மணிக்கு 110 ரூபாய்.

டீஸல், எண்ணெய், பழுதுபார்ப்பு, ஓட்டுநர் கூலி ஆகியவை மணிக்கு 400 ரூபாய் ஆகட்டும். இதே அளவுள்ள டிராக்டர் மணிக்கு 700 ரூபாய் வாடகைக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மணி நேரத்திலும் சொந்த டிராக்டரால் மிச்சமாவது 300 ரூபாய். 66,000 ரூபாயை 300-ஆல் வகுத்தால் 220. ஆண்டுக்கு 220 மணி நேரத்துக்குக் குறைவாக ஓடினால் சொந்த டிராக்டர் நஷ்டம்; மேல் ஓடினால் இலாபம். 150 மணி நேரமே ஓட்டும் இவ்விவசாயிக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் கையிலிருந்து போகிறது. பத்தாண்டுகளில் 2,10,000 ரூபாய். கலப்பை முதலிய கருவிகளின் விலை இதில் சேரவில்லை.

எனினும், வாடகை டிராக்டர் வேண்டிய நாளில் வந்து சேராது என்ற குறை உண்மையானது. ஊரெங்கும் ஒரே மழை, ஒரே பதம். எல்லோருக்கும் ஒரே நாளில்தான் டிராக்டர் வேண்டும். வாடகைக்கு விடுபவர் பெரிய வயல்களை முடித்துவிட்டுத்தான் சிறு துண்டு நிலங்களுக்கு வருகிறார். இந்தத் தாமதத்தினால் ஆண்டுதோறும் இழக்கும் விளைச்சலின் மதிப்பு மேற்கூறிய 21,000 ரூபாயைவிட மிகுதியானால், சொந்த யந்திரம் வாங்குவது தவறாகாது. குறைவானால் வாடகையே சிக்கனம். அண்டை நிலத்துக்காரர்கள் இருவர் ஒன்றாக வாங்கினால் 150 மணி நேரம் 300 மணி நேரமாகிறது. நஷ்டம் இலாபமாக மாறுகிறது. யாருடைய நிலம் முதலில் என்ற முறை, பழுதுச் செலவின் பங்கு, கடன் தவணையின் பொறுப்பு ஆகியவற்றை முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். 2014-15-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட விவசாய யந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ், யந்திரங்களை வாடகைக்கு விடும் மையங்களை அமைக்க மத்திய அரசாங்கம் உதவி அளித்து வந்துள்ளது. அத்தகைய மையம் அருகில் இருப்பின் அதன் வாடகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நிலத்துக்கேற்ற பொறிகள்

ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நெல் வயல்களுக்கு, குறிப்பாகக் கேரளம், மேற்கு வங்காளம், ஒரிஸ்ஸா, அஸ்ஸாம் போன்ற பகுதிகளின் சிறு சேற்று வயல்களுக்கு, பவர் டில்லர் ஏற்றது. 1960-களிலும் 70-களிலும் ஜப்பானிய ஒத்துழைப்புடன் பெங்களூரிலும் கேரளத்திலும் இதன் உற்பத்தி தொடங்கியது. 8 முதல் 15 குதிரைச் சக்தி வரையுள்ள இப்பொறி, இரும்புக் கூண்டுச் சக்கரங்களுடன் சேற்றில் அமிழாமல் செல்கிறது. வரப்பைக் கடப்பதும் எளிது. ஆனால் ஓட்டுபவர் பின்னால் நடக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் அகலம் கீறும் நாட்டுக் கலப்பையுடன் ஒரு ஹெக்டேரை ஒரு முறை உழ 66 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது; 60 சென்டிமீட்டர் அகலமுள்ள பவர் டில்லருடன் அது 17 கிலோமீட்டருக்குள் அடங்கும். குறைவுதான், ஆயினும் அதிர்வும் சேறும் கூடிய 17 கிலோமீட்டர். வயது முதிர்ந்தவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இமாலயச் சரிவுகளிலுள்ள படிக்கட்டு வயல்களுக்கு, தூக்கிச் செல்லக்கூடிய சிறு களையெடுக்கும் பொறிகளே பயன்படும். நாசிக் பகுதியிலுள்ள திராட்சைத் தோட்டங்களிலும், பிற பழத்தோட்டங்களிலும் வரிசைகளுக்கு இடையே புகக்கூடிய 18 முதல் 28 குதிரைச் சக்தி வரையுள்ள குறுகிய டிராக்டர்கள் சிறந்தவை. சௌராஷ்டிரத்தின் நிலக்கடலை, பருத்தி நிலங்களில் வரிசைகளுக்கு இடையே களை நீக்கவும் இவை உதவுகின்றன.

பழத்தோட்டத்தில் புல் வெட்டும் யந்திரம் வாங்குவோரும் இதே முறையைப் பின்பற்றலாம். டிராக்டரின் பின்னே இணைக்கும் சுழல் புல்வெட்டிக்கு, அகலத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஏறக்குறைய 5 குதிரைச் சக்தி வேண்டும். 4 அடி அகலத்துக்கு 20 குதிரைச் சக்தி போதும். அரை ஏக்கர் தோட்டத்துக்கு டிராக்டரே வேண்டியதில்லை. தோளில் மாட்டிக்கொள்ளும் 2 குதிரைச் சக்திப் புல்வெட்டி போதுமானது.

துர்காப்பூர் நிலையம் 2023-ஆம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் சிறு டிராக்டர் ஒன்றை வெளிப்படுத்தியது. ஏழெட்டு மணி நேரம் மின்னேற்றினால் வயலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உழைக்கும் வகையில் அது வடிவமைக்கப்பட்டது. சிறு நிலத்துக்கென்றே தனியாக யந்திரம் சிந்திக்கப்படுவது வரவேற்கத் தக்கது.

45 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்கள் பயனற்றவை என்பது இதன் கருத்தன்று. கடினமான கரிசலில் ஆழ உழுவோருக்கும், கரும்பு ஏற்றிச் செல்வோருக்கும், ஆண்டுக்கு 600 மணி நேரத்துக்கு மேல் வாடகைக்கு ஓட்டுவோருக்கும் அவை ஏற்றவையே. ஆனால் அவ்வாறு வாங்குபவர் விவசாயத்தோடு வாடகைத் தொழிலையும் மேற்கொள்கிறார் என்பதை உணர்ந்து, ஊரில் ஏற்கெனவே எத்தனை டிராக்டர்கள் வாடகைக்கு ஓடுகின்றன என்று எண்ணிப் பார்த்த பின்பே இறங்க வேண்டும்.

வாங்கும் முன்

மத்தியப் பிரதேசத்திலுள்ள புத்னியில் 1955-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மத்திய விவசாய யந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. தண்டில் உண்மையில் கிடைத்த சக்தி, கொக்கியின் இழுப்பு விசை, மணிக்கு ஆகும் டீஸல், பிரேக்கின் திறன், டிராக்டரின் எடை ஆகியவை அதில் இடம்பெறும். விற்பனையாளரிடம் இவ்வறிக்கையைக் கேட்டுப் பார்ப்பது விவசாயியின் உரிமை. உதிரிப் பாகங்கள் எத்தனை தொலைவில் கிடைக்கும், பழுது பார்ப்பவர் பருவ காலத்தில் எத்தனை நாளில் வருவார் என்பவற்றையும் விசாரித்தறிதல் அவசியம். மானியம் யந்திரத்தின் விலையைத்தான் குறைக்கும். டீஸலின் விலையையும் பழுதுச் செலவையும் குறைக்காது என்பதையும் மறத்தலாகாது.

உயிருக்குக் காப்பும் அளவைப் பொறுத்ததே. சிறு டிராக்டரில் அளவுக்கு மிஞ்சிய பாரத்தை டிரெய்லரில் ஏற்றினால், இறக்கத்தில் டிரெய்லரே டிராக்டரைத் தள்ளிக் கவிழ்த்துவிடும். பவர் டில்லரில் திரும்புவதற்காக ஒரு பக்கத்துக் கிளச்சை விடுவித்தால் சமநிலத்தில் அது அப்பக்கமே திரும்பும். செங்குத்தான இறக்கத்திலோ விடுபட்ட சக்கரம் விரைந்தோடி எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். இதை அறியாதவர் வரப்பிலிருந்து பொறியோடு உருள நேரும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள டிராக்டரைத் தேர்ந்தெடுத்து, இருக்கைப் பட்டையையும் அணிதல் வேண்டும்.

சுருங்கக் கூறின், வரிசை இதுவே: முதலில் நிலத்தின் பரப்பும் வயலின் நீளமும், அடுத்து மண்ணின் தன்மை, பின்னர் பருவத்தில் கிடைக்கும் பதமான நாட்கள், அந்நாட்களுக்குள் வேலையை முடிக்க வேண்டிய கருவியின் அகலம், அக்கருவி கேட்கும் சக்தியும் எடையும், கடைசியாக, ஆண்டுக்கு ஓடும் மணிகளும் வாடகையோடு ஒப்பிட்ட செலவும். இவற்றில் எதற்கும் கூட்டல், பெருக்கல், வகுத்தலுக்கு மேற்பட்ட கணிதம் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். விடை 12 குதிரைச் சக்தியாக இருக்கலாம். 24 ஆக இருக்கலாம். யந்திரமே வாங்க வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். எந்த விடையாயினும், அது கடன் பத்திரத்தில் கையெழுத்து இடுவதற்கு முன்பே விவசாயியின் கையில் இருத்தல் வேண்டும்.